காகித உறை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

'டிஎன்ஏ பொருந்திவிட்டது' என்று செய்தி வந்தால் போதும், டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பழுது அறிவியலில் இல்லை. டிஎன்ஏ சோதனைக்கு எடுத்த மாதிரி யார் கையில் இருந்தது, ஆய்வகம் போய்ச் சேரும்வரை எங்கே கிடந்தது என்பதற்குத்தான் சரியான விடையில்லை. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறியதற்கெல்லாம் பதிவேடு வேண்டும் என்று அதே தீர்ப்பு நெறிமுறையும் வகுத்தது.

ஆய்வக மேசையில் காலம் கழித்தவன் நான். ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புவார்கள். முடிச்சை அவிழ்க்கும்போதே புளித்த வாடை முகத்தில் அடிக்கும். மடிப்புக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். அதில் டிஎன்ஏவைத் தேடு என்றால் எங்கே போவது? நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டிருந்தால் வேலை முடிந்தது. (உறை சில ரூபாய்தான்!)

ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். நல்லது. அதற்கு முன், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காகித உறையும் பூட்டுள்ள குளிர்பதனப் பெட்டியும் இருக்கின்றனவா என்று உள்துறை ஒரு கணக்கெடுத்து வெளியிடட்டும்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், திண்டுக்கல்