தொட்டியைப் பூனை கிளறாமல் இருக்க

அன்புள்ள வாணிக்கு,

நேற்று போனில் உன் குரல் கம்மியிருந்தது இன்னும் காதிலேயே நிற்கிறது. பத்து நாள் பார்த்துப் பார்த்து வளர்த்த வெந்தயக்கீரையைப் பூனை ஒரே ராத்திரியில் கிளறிப்போட்டால் யாருக்கு மனசு ஆறும்? போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உனக்கு இது நாலாவது மாசம். அந்த மண்ணில் நீ கை வைக்காதே. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். எல்லாப் பூனையிடமும் இருக்காது. ஆனால் கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கலாம். மலம் விழுந்து 1 முதல் 5 நாளில்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். அதனால் அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். அதை மாப்பிள்ளை செய்யட்டும், கையுறை போட்டுக்கொண்டு. தொட்டிக் கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடு. மாடிக் கொத்தமல்லியைப் பச்சையாகத் தூவுவது இப்போதைக்கு வேண்டாம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடமும் சொல்லிவிடு.

அப்புறம், யாரோ அந்துருண்டை போடச் சொன்னார்கள் என்றாயே, அதை மட்டும் செய்யாதே. பூனை அதைத் தின்றால் ரத்த அணுக்களே சிதைந்துபோகும். மிளகாய்த்தூளும் வேண்டாம், பாவம், கண்ணெல்லாம் எரியும். ஆரஞ்சுத் தோல் போட்டால் வாசனை இருக்கிறவரை வராது, அவ்வளவுதான்.

மலம் கழிக்கப் பூனை தேடுவது பொலபொலவென்று காய்ந்த மண்ணை. விதைக்கிறதுக்காக நீ கொத்திச் சலித்து வைத்த மண் அதற்கு ரொம்பத் தோது. அந்த மண்ணை மூடிவிடு. நான் பழைய தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, சாண் நீளத்துக்கு ஒடித்து, நாலு விரல் இடைவெளியில் குத்தி வைத்தேன். கூர்முனை கீழே போகட்டும், பூனையின் கண்ணில் குத்திவிடக் கூடாது. உட்கார்ந்து திரும்ப இடமில்லாததால் பூனை அந்தத் தொட்டியை விட்டுவிட்டது. கறிவேப்பிலைக்குக் கொட்டாங்குச்சிகளைத் தூரைச் சுற்றிக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

நீ அனுப்பிய போட்டோவில் தொட்டி ஓரம் குப்பைமேனி தெரிந்தது. அதற்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பேர் உண்டு. போன மாசம் நான் ஒன்றை வேரோடு பிடுங்கிச் சுவரோரம் போட்டுவிட்டு உள்ளே போய் வருவதற்குள், பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை வந்துவிட்டது. வேரில் கன்னத்தைத் தேய்க்கிறது, மல்லாந்து புரள்கிறது, மண்ணோடு சேர்த்து நக்குகிறது. நான் கிட்டப் போயும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளையை அதைப் பிடுங்கச் சொல். தொட்டிப் பக்கம் மட்டும் போட வேண்டாம்.

உன் மாடிப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாய். பிள்ளைக்காரி எங்கே போவாள்? உடைந்த பேசின் ஒன்றில் ஆற்றுமணல் நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் வைக்கச் சொல். பிடுங்கின வேரை முதல் நாள் அதன் மேல் போட்டால் தானாக அங்கே வரும்.

வெந்தயம் இன்னொரு கைப்பிடி ஊறப்போடு. ஈர்க்குச்சிக் கட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா