இரும்புக்கரம் அல்ல, தப்பிப் பிழைத்த விமானிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் விமானப்படை நொறுங்கி விழுந்து மீண்டும் எழுந்தது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். விவரங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் 'ஸ்டாலினின் இரும்புக்கரமே படையை மீட்டது' என்ற முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்மனி படையெடுத்த 1941 ஜூன் 22 அன்று நண்பகலுக்குள் சுமார் 1,200 விமானங்கள் போயின என்று சோவியத் தரப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது. அவற்றில் 800 தரையில் நின்றபடியே எரிந்தவை. எல்லையோர விமான தளங்கள் பலவற்றில் ஓடுபாதை வேலை நடந்துகொண்டிருந்ததால், மிச்சமிருந்த தளங்களில் விமானங்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஜெர்மன் உளவு விமானங்கள் தலைக்கு மேல் பறந்து படமெடுத்தபோதும், சுடக் கூடாது என்பதுதான் மேலிடத்து உத்தரவு. அந்தக் கை இரும்பாகத்தான் இருந்தது. அது தடுத்தது சொந்தப் படையை.

அடி விழுந்த பிறகு என்ன நடந்தது? மேற்கு முனையின் விமானப்படைத் தளபதி கோபெட்ஸ் தன்னையே சுட்டுக்கொண்டார். 29 வயதில் விமானப்படைத் தலைவராகி, அந்த ஏப்ரலில் பதவி பறிக்கப்பட்டிருந்த ரிச்சகோவ், போர் தொடங்கிய மூன்றாம் நாள் கைதானார். ஸ்பெயினிலும் சீனாவிலும் போரிட்ட அனுபவசாலி அவர். ஜெர்மானியர்கள் மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்த அக்டோபரில் அவரையும், விமானியான அவருடைய மனைவி மரியா நெஸ்தெரென்கோவையும் சுட்டுக் கொன்றார்கள். 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டத்தை இருமுறை பெற்ற முன்னாள் விமானப்படைத் தலைவர் ஸ்முஷ்கேவிச்சுக்கும் அதே நாளில் அதே கதி. போர் தெரிந்தவர்கள் அரிதாகிப்போன நேரத்தில் போர் தெரிந்தவர்களைக் கொன்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

படை பிழைத்ததற்கு முதல் காரணம், விமானங்கள் தரையில் எரிந்தபோது விமானிகளில் பலர் உயிரோடு மிஞ்சியதுதான். இயந்திரத்தை மறுபடி செய்துவிடலாம். செய்தார்கள். வொரோனெஷ் நகர விமானத் தொழிற்சாலையைக் கழற்றி ரயிலில் ஏற்றி, கிழக்கே வோல்கா நதிக்கரையிலுள்ள குய்பிஷெவுக்கு (இன்றைய சமாரா) கொண்டுபோய், கட்டடம் முடியும் முன்பே கடுங்குளிரில் வேலையைத் தொடங்கினார்கள். அங்கே செய்யப்பட்ட இல்-2 தரைத்தாக்குதல் விமானங்கள் செம்படைக்குக் காற்றைப் போல, ரொட்டியைப் போலத் தேவை என்று ஸ்டாலின் அந்த டிசம்பரில் மிரட்டல் தந்தி அடித்தது உண்மை. ஆனால் தந்தி வந்து சேரும் முன்பே அந்தத் தொழிலாளர்கள் அங்கே உழைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் கொடுத்த சுமார் 18,000 விமானங்களையும், உயர்தரப் பெட்ரோலையும், அலுமினியத்தையும் ஒதுக்கிவிட்டும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

விமானம் வந்தால் மட்டும் போதுமா? தொடக்கத்தில் பல போர் விமானங்களில் ரேடியோவே இல்லை. மும்மூன்றாக ஒட்டிப் பறக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து விமானத்தில் மோதாமல் இருக்கவே பாதிக் கவனம் போய்விடும். பின்னால் வருபவனைப் பார்ப்பது எப்போது? அலெக்சாண்டர் பொக்ரிஷ்கின் என்ற விமானி, ஒவ்வொரு சண்டையையும் வரைபடமாக வரைந்து, பதுங்கு குழிச் சுவரில் மாட்டி, எங்கே தவறு என்று இளையவர்களுக்கு விளக்கினார். அவர் சொன்ன பாடம் நான்கே சொல்: உயரம், வேகம், திருப்பம், சுடுதல். இரண்டிரண்டாகப் பிரிந்து, ஜோடிக்கு மேல் ஜோடியாக, வெவ்வேறு உயரங்களில் படிக்கட்டு போலப் பறக்கும் முறை 1943 வசந்தத்தில் தெற்கு ரஷ்யாவின் கூபான் வானில் ஜெர்மானியர்களைத் திணறடித்தது. அவர் ஓட்டியது அமெரிக்காவில் செய்த ஐராகோப்ரா போர் விமானம்.

இப்படிப்பட்டவரையே 1942இல் மேலதிகாரியோடு மோதினார் என்று கட்சியை விட்டு நீக்கி, ராணுவ நீதிமன்றம் வரை இழுக்கப் பார்த்தார்கள். உடன் இருந்தவர்கள் துணை நின்றிராவிட்டால் அந்தப் படிக்கட்டு ஏது?

1942 ஏப்ரலில் விமானப்படைத் தலைமைக்கு வந்த நோவிகோவை அவசியம் சொல்ல வேண்டும். தரைப்படைத் தளபதிகளிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த விமானங்களை ஒன்றுசேர்த்து வான்சேனைகளாக்கியவர் அவர். தேவையான இடத்தில் மொத்த பலத்தையும் குவிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். ஸ்டாலின்கிராடில் முற்றுகையில் சிக்கிய ஜெர்மன் படைக்கு வான்வழியே போன உணவையும் குண்டுகளையும் தடுத்ததில் அந்த ஏற்பாட்டின் பலன் தெரிந்தது. அந்த நோவிகோவை, போர் முடிந்த மறு ஆண்டே கைது செய்து சிறையில் தள்ளியதும் அதே இரும்புக்கரம்தான். ஸ்டாலின் இறந்த பிறகே அவர் மீதிருந்த களங்கம் நீங்கியது.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ரிச்சகோவ், ஸ்முஷ்கேவிச் பெயர்களையும், புகழ்பெற்ற விமானி மரினா ரஸ்கோவா திரட்டிய பெண் விமானிகளின் மூன்று படைப்பிரிவுகளையும் சேர்க்கும்படி அவரிடம் சொல்லுங்கள். அவற்றில் ஒரு பிரிவாக, மரச்சட்டத்தில் துணி போர்த்திய போ-2 விமானங்களில் இரவெல்லாம் பறந்து குண்டு போட்ட பெண்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி