கன்றிப்போன மணிக்கட்டும் நம்ம ஊர் போதிதர்மரும்

மருகாமே, ககாவா,
ஜப்பான்.
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? போன வாரம் வீடியோவில் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அம்மா அழுததிலிருந்து மனசே சரியில்லை. போனில் சொல்ல வந்தால் பாதி நேரம் லைன் நிற்பதில்லை, மீதி நேரம் அம்மா என்னைப் பேச விடுவதில்லை. அதனால்தான் கடிதம். சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தக் காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை. கப்பல் பட்டறையிலும் எதுவும் மேலே விழவில்லை. பயிற்சியில் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நான் அதை விடுவிக்க வேண்டும். வெல்டிங் வேலை செய்கிற கைதானே என்ற திமிரில் வெடுக்கென்று இழுத்தேன். தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொண்டது. எப்படி எடுக்க வேண்டும் என்று பிறகுதான் காட்டினார்கள். பிடிக்கிற கையில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் திறப்பு. முழங்கையை உடம்போடு ஒட்டி, அந்தத் திறப்பை நோக்கித் திருப்பினால் கை தானாக வெளியே வந்துவிடுகிறது. பலமே வேண்டாம். இதற்கு ‘கோதே நுகி’ என்று பெயர், சேர்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம். அதிலேயே நான் தோற்றேன் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த வயதில் எதற்கு அடிதடி என்று கேட்டீர்கள். வந்த முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை. காலையில் பட்டறை. எல்லோரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்துவிட்டு ‘கோ-அன்ஜென்-நி’, பத்திரமாக வேலை செய்யுங்கள், என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அப்புறம் மாலை வரை இரும்பு அறைக்குள் முகக்கவசம் போட்டபடி ஒரே ஆளாக உட்கார்ந்திருப்பேன். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அறைக்கு வந்தால் ரசம், சோறு, போன், தூக்கம். மாதக்கணக்கில் இன்னொரு மனிதரின் கை என் மேல் பட்டதில்லை. இங்கே தோளில் கை போட்டுப் பேசுகிற பழக்கம் கிடையாது.

பட்டறைக்கு எதிரில் ஊதோன் கடை வைத்திருக்கும் பெரியவர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஊதோன் என்றால் தடிமனான கோதுமைச் சேவை. இந்த ஊரில் அதன் மாவைக் காலால் மிதித்துப் பிசைவார்கள், சுத்தமான துணி விரித்துத்தான். வாரத்தில் இரண்டு நாள் மாலை, ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் பயிற்சி. கலையின் பெயர் ஷோரின்ஜி கெம்போ. ஷாவோலின் என்று நாம் சொல்லும் சீனக் கோயிலின் பெயரைத்தான் ஜப்பானியர்கள் ஷோரின்ஜி என்று படிக்கிறார்கள். ஆனால் கலை பிறந்தது இங்கேதான், பக்கத்து ஊரான தாதோட்சுவில், 1947-இல்.

முதல் நாள் நான் கவனித்தது செருப்புகளை. வாசலில் எல்லாச் செருப்பும் வெளிப்பக்கம் திரும்பி, நூல் பிடித்ததுபோல் நின்றன. என்னுடையது மட்டும் கவிழ்ந்து கிடந்தது. ஒரு சின்னப் பையன் வந்து, எதுவும் சொல்லாமல், அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். ‘உன் காலடியைப் பார்’ என்று பொருள்படும் நான்கு எழுத்து வாசகம் ஜென் கோயில் வாசல்களில் இருக்கும். செருப்பை ஒழுங்காக விடு என்பதும் அதுதான், உன்னை நீயே கவனி என்பதும் அதுதான். அப்புறம் எல்லோரும், வாத்தியார் உட்பட, துணி எடுத்துத் தரையைத் துடைக்கிறார்கள். இதுவும் பயிற்சியில் சேர்த்தி.

வணக்கம் சொல்லும் முறையைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். மற்ற ஜப்பானியக் கலைகளில் குனிந்து வணங்குவார்கள். இங்கே இரண்டு கையையும் கூப்பி, எதிராளியின் கண்ணைப் பார்த்து வணங்க வேண்டும். எல்லோருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கு மட்டும் தேவைப்படவில்லை. கும்பிடுகிறபோது முழங்கை தொங்கக் கூடாது என்று திருத்தம் மட்டும் செய்தார்கள்.

பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, மூச்சைக் கவனிக்கிறோம். அதற்கு முன் சில வரிகளைச் சேர்ந்து சொல்வார்கள். சொல்லும் வேகத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊதோன்காரர் பொறுமையாக ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொடுத்தார். முதல் வரிகள் புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்திலிருந்து எடுத்தவை: தனக்குப் புகலிடம் தானே, தன்னை விட்டால் வேறு யார், நன்றாகப் பண்படுத்திய தன்னைப் போலக் கிடைப்பதற்கரிய புகலிடம் இல்லை. பாலி மொழியில் நம் நாட்டில் சொல்லப்பட்டது, கடல் கடந்து, ஜப்பானிய மொழியில், ஒரு கூடைப்பந்துக் கம்பத்துக்கு அடியில் என் காதில் விழுகிறது.

இதை ஆரம்பித்தவர் பெயர் சோ டோஷின். 1945 ஆகஸ்டில், அதுவரை ஜப்பான் பிடியிலிருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவுக்குள் சோவியத் படை நுழைந்தபோது அங்கே இருந்தவர். தோற்ற நாட்டுக்காரராக ஒரு வருடம் அங்கே தவித்தபோது ஒன்று கண்டுகொண்டதாக எழுதியிருக்கிறார். சட்டம் ஒன்றுதான், கொள்கை ஒன்றுதான், ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் மனிதன் எப்படிப்பட்டவனோ அப்படித்தான் நடக்கிறது. ஊர் திரும்பி தாதோட்சுவில் தங்கி இளைஞர்களுக்குப் புத்தர் சொன்னதைச் சொல்லப் பார்த்தார். ஒருவரும் நிற்கவில்லை. பசியும் கள்ளச்சந்தையும் நிறைந்த காலம், உபதேசம் யாருக்கு வேண்டும்? அப்போது கனவில், ஜென் மரபைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் போதிதர்மர் வந்ததாகச் சொல்வார்கள். பேசாமல் நடந்துபோனாராம். அதன் பிறகுதான் சீனாவில் கற்ற வித்தைகளைச் சேர்த்துத் திருத்தி ஒரு முறையாக்கி, சண்டை கற்க வருகிறவர்களுக்கு நடுவில் தர்மத்தையும் கொடுத்தார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருப்பதே இதனால்தான், மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். 1951-இல் இது கொங்கோ ஜென் என்ற பெயரில் மத அமைப்பாகவும் பதிவானது. கொங்கோ என்றால் வஜ்ரம்.

சரி, இப்போது போதிதர்மர். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் கோபப்படக் கூடாது. ‘நம்ம காஞ்சிபுரத்து ஆள் போய்ச் சொல்லிக்கொடுத்ததை நீ காசு கொடுத்துத் திரும்பக் கற்கிறாயா’ என்று கேட்டீர்களே, அதே பெருமையோடுதான் நானும் போனேன். முதல் வாரமே வாத்தியாரிடம் எங்கள் ஊர் காஞ்சிபுரம் என்று மார்தட்டினேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்கு ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தபால்காரர், சும்மா விடுகிற ஆள் இல்லை.

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 547-இல் சீனாவின் லுவோயாங் நகரக் கோயில்களைப் பற்றி எழுதப்பட்ட நூலில் இருக்கிறது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. ஏறக்குறைய அந்தக் காலத்தையே சேர்ந்த இன்னொரு குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற பெயர் பிறகு சேர்ந்தது. ஆக தென்னாட்டுக்காரர் என்பதற்கு இடம் இருக்கிறது, பிள்ளையார்பாளையத்துக்காரர் என்று பத்திரம் எழுத முடியாது. சண்டை விஷயம் இன்னும் மோசம். பழைய குறிப்புகள் எதிலும் அவர் ஒரு குத்துகூட விடவில்லை. சுவரைப் பார்த்து ஒன்பது ஆண்டு உட்கார்ந்தார் என்பதுதான் கதை. துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்ததாகக் காட்டும் நூல் 1624-ஐ ஒட்டி வேறு யாரோ எழுதி அவர் பெயரில் விட்டது.

அப்படியானால் ஷாவோலின் துறவிகள் சண்டையே போடவில்லையா என்றால், போட்டார்கள். அந்தக் கோயிலே 495 வாக்கில் படுவோ என்ற வேறொரு இந்தியத் துறவிக்காக வடக்கு வெய் வம்ச அரசர் கட்டிக்கொடுத்தது. 621-இல் அந்தத் துறவிகள், பிறகு தாங் பேரரசரான லி ஷிமினுக்காகப் போரிட்டார்கள். அதற்காகக் கிடைத்த நிலத்தையும் பாராட்டையும் சொல்லும் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. நிலமும் களஞ்சியமும் இருந்த மடம், கொள்ளையர் வரும் மலைப்பாதை, ஆகவே கையில் கோல். ஆம் அப்பா, அவர்கள் முதலில் பேர் வாங்கியது கம்பு வீச்சில்தான், வெறுங்கைச் சண்டை பிறகு வந்தது. கம்புக்குக் காவல் தெய்வமாக அவர்கள் கும்பிட்டது போதிதர்மரை அல்ல, கின்னர ராஜாவை.

வாத்தியார் இதையெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தொங்கிப்போயிருந்திருக்கும். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஷாவோலின் கோயிலின் வெள்ளாடை மண்டபச் சுவர் ஓவியம். துறவிகள் இரண்டிரண்டு பேராகப் பயிற்சி செய்கிறார்கள். சிலர் வெளுத்த நிறம், சிலர் நம்மைப் போலக் கறுப்பு. ஒருவர் குத்த, இன்னொருவர் தடுக்க, யார் முகத்திலும் கோபம் இல்லை. அதுவும் பழைய படம் இல்லை, கடைசி அரச வம்சத்தின் காலத்தது. ஆனால் சோ டோஷின் 1930-களில் அங்கே போனபோது இதைப் பார்த்துத்தான், பயிற்சி என்றால் இருவர் சேர்ந்து செய்வது என்று முடிவு செய்தாராம்.

எங்கள் பயிற்சி முழுக்க அப்படித்தான். தனியாகக் காற்றில் குத்துவது குறைவு. ஒருவர் தாக்க, ஒருவர் தடுத்து முடிக்க, பிறகு மாறிக்கொள்ள. தாக்குகிறவர் பொய்யாகத் தாக்கினால் தடுப்பவர் கற்க முடியாது. தடுப்பவர் வெறியோடு முறுக்கினால் நாளைக்குத் தாக்க ஆள் இருக்காது. ‘பாதி என் நலம், பாதி பிறர் நலம்’ என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். முதலில் கேட்டபோது பஸ்ஸில் எழுதிப்போடும் வாசகம் மாதிரி இருந்தது. ஊதோன்காரரின் முழங்கை என் கையில் இருக்கும்போதுதான் புரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் மூட்டு போய்விடும். அவர் தரையை இரண்டு முறை தட்டுகிறார், நான் விடுகிறேன். அந்தத் தட்டலைக் கேட்கிற காதுக்குத்தான் இத்தனை பயிற்சியும்.

எனக்கு அப்போது நம் தறியில் புடவையின் உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் கோர்வைதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்கள் வலப்பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவேனே. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு இரண்டு. நான் அவசரப்பட்டால் கரை சுருங்கும், தூங்கினால் உங்கள் கை காத்து நிற்கும். ஒருநாளும் திட்டியதில்லை, கால் மிதியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக்குவீர்கள், நான் அதைப் பிடித்துக்கொள்வேன். இதை ஓட்டை ஜப்பானியத்தில் ஊதோன்காரரிடம் சொன்னேன். இரண்டு பேர் ஒரே புடவையா என்று மூன்று முறை கேட்டார்.

கொல்லாமையை முதல் விரதமாக வைத்தவர்கள் எப்படி அடிக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். முதலில் தாக்கக் கூடாது என்பது விதி. அன்பில்லாத பலம் வன்முறை, பலமில்லாத அன்பு கையாலாகாதது, இரண்டும் வேறல்ல என்கிறார்கள். இங்குள்ள பெரிய கோயில் வாசல்களில் நம் துவாரபாலகர் மாதிரி இரண்டு முரட்டு உருவங்கள் நிற்கும். ஒன்று ‘அ’ என்று வாய் திறந்திருக்கும், ஒன்று ‘ம்’ என்று மூடியிருக்கும், முதல் ஒலியும் கடைசி ஒலியும். உள்ளே புத்தர் அமைதியாக அமர்ந்திருப்பார். கோபமான முகம் வாசலோடு சரி.

எனக்கு மிகவும் பிடித்தது தகுவான் என்ற துறவி சொன்னது. 17-ஆம் நூற்றாண்டில், ஷோகுன் என்ற படைத்தலைவ ஆட்சியாளரின் வாள் ஆசிரியரான யாக்யு முனெனோரிக்கு எழுதியது. கருணையின் போதிசத்துவரான ஆயிரம் கை அவலோகிதருக்கு மனம் ஒரு கையில் நின்றுவிட்டால் மற்ற 999 கைகளும் வீண். எதிரியின் வாளிலும் நிற்காதே, உன் வாளிலும் நிற்காதே. வெல்டிங்கில் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தால் இணைப்புக் கோடு கோணிப்போவது எனக்குத் தெரியும். ஆனால் இதே மாதிரி வார்த்தைகளைத்தான் உலகப்போர் நேரத்தில் பையன்களைச் சாக அனுப்பவும் பயன்படுத்தினார்கள். வாத்தியாரிடம் அதைக் கேட்டேன். ‘அதனால்தான் முதலில் செருப்பு’ என்றார். முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பனிடம் ஒரு சிவப்புப் பொம்மை கொடுத்துவிடுகிறேன். கை, கால் இல்லாமல், உருட்டினால் எழுந்து உட்காரும், நம் தஞ்சாவூர் பொம்மைபோல. இங்கே தருமா என்பார்கள், போதிதர்மரேதான். உட்கார்ந்தே இருந்ததில் கைகால் போய்விட்டதாம். கண் வெள்ளையாக இருக்கும். ஒன்று நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும், நடந்ததும் மறு கண்ணை. தங்கை பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு கண்ணையும் அன்றைக்கே வரைந்துவிடும்.

காயம் இப்போது மஞ்சளாகிவிட்டது, இரண்டு நாளில் தெரியாது. இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிடுவேன். அம்மாவின் பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். தறியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஊதோன்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வலப்பக்கக் கரைக்கு இப்போது யார் உட்காருகிறார்கள்? போனில் கேட்கிறபோதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுதுங்கள்.

அன்புடன்,
பெரியவன்