அரிப்பவையும் அழிப்பவர்களும்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவின் கணக்கு நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மேலட்டை வைத்தது வைத்தபடியே இருந்தது என்றும், கையில் எடுத்ததும் உள்ளே தாள் இருந்த இடத்திலிருந்து மண்ணும் தூளும் பொலபொலவென்று கொட்டின என்றும், சுவரிலிருந்து பெட்டியின் அடிப்பலகை வரை விரலகலத்துக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது என்றும் எழுதியிருந்தாய். அந்த மண்கோடு என் கண்ணைவிட்டு அகலவில்லை.

நானும் இந்த ஒரு மாதமாக அழிவைப் பற்றிய சொற்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய நினைவுச்சின்னங்களின் பாதுகாப்பைப் பற்றிய ஓர் ஆங்கில நூலைத் தமிழாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல் 'வேண்டல்'. பொதுச்சொத்தையும் கலைப்பொருளையும் காரணமின்றிப் பாழாக்குபவனுக்கு அது பெயர். ஆனால் வேண்டல்கள் உண்மையில் ஒரு ஜெர்மானிய இனத்தார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜைத் தலைநகராகக் கொண்டு அரசாண்டவர்கள். அவர்களுடைய மன்னன் கைசெரிக் 455இல் ரோமுக்குள் நுழைந்து 14 நாள் கொள்ளையடித்தான் என்பது உண்மை. எனினும் அப்போது கொலையும் தீவைப்பும் பெருமளவில் நடக்கவில்லை என்பதே வரலாற்றாசிரியர் பலருடைய முடிவு. அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பு, 410இல், அதே ரோமைச் சூறையாடிய விசிகோத்துகள் என்ற கோத்து இனத்தாரின் பெயரோ பிற்காலத்தில் வானளாவிய தேவாலயங்களின் 'கோத்திக்' கட்டடப்பாணிக்கு வாய்த்தது. கோத்துகளுக்குக் கோபுரம் கிடைத்தது, வேண்டல்களுக்குப் பழி கிடைத்தது. இந்த அநியாயத்தை எண்ண எண்ண எனக்குப் பொறுக்கவில்லை.

'வேண்டலிசம்' என்ற சொல்லைப் பரப்பியவர் அழிவைத் தடுக்க நினைத்த ஒரு நல்ல மனிதர் என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிலைகளும் நூல்களும் ஓவியங்களும் அழிக்கப்படுவதைக் கண்டு பதறிய ஆபே கிரெகுவார் என்ற பாதிரியார், 1794இல் தேசிய மன்றத்துக்கு அளித்த அறிக்கைகளில் அதைப் பயன்படுத்தினார். அந்தச் செயலைக் கொல்வதற்காகவே அந்தச் சொல்லைப் படைத்ததாகப் பின்னாளில் எழுதியும் வைத்தார். ஒரு தீமையை ஒழிக்கப் புறப்பட்டவர், பதில் சொல்ல எவருமே மிஞ்சியிராத ஓர் இனத்தின் தலையில் அதைச் சுமத்திவிட்டார்.

நம் நாட்டுப் பெயரும் இதிலிருந்து தப்பவில்லை. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் பேராற்றலை ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்' என்பார்கள். இங்கிலாந்தில் பெரிய சரக்கு லாரிகளைக்கூட அப்படிச் சொல்வதுண்டு. அது பூரி ஜகந்நாதரின் பெயரே. பக்தர்கள் தாமாகவே தேர்க்காலில் விழுந்து மடிகிறார்கள் என்று ஐரோப்பியர் எழுதிவைத்த கதைகளால் உலகநாதன் என்ற பொருளுடைய பெயர் இப்படி ஆயிற்று. சித்திரையில் தேர்வடம் பிடித்த கை என்னுடையது. நிலைக்குத் திரும்பும் தேரைப் பார்த்து ஊரே கண்ணீர் மல்க நிற்பதைக் கண்டிருப்பவனுக்கு அந்தச் சொல்லைப் பேனாவால் எழுத எப்படி மனம் வரும்?

நூலில் 'சபோட்டாஜ்' என்ற சொல்லும் வருகிறது. 'சபோ' என்பது பிரெஞ்சு மரக்காலணி. தொழிலாளர்கள் அதை இயந்திரத்துக்குள் எறிந்தார்கள் என்று எல்லோரும் சொல்லும் கதைக்குச் சான்றில்லை. அதற்கு 'நாசவேலை' என்று நம் நாளிதழ்கள் நிலைநிறுத்திவிட்டபடியால் எனக்குத் தொல்லையில்லை.

உயிர்களுக்கும் பொருள்களுக்கும் வரும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. லத்தீனில் 'ரோடெரே' என்றால் கொறித்துத் தின்பது. எலியினத்தைக் குறிக்கும் 'ரோடன்ட்', உலோகம் கெடுவதைக் குறிக்கும் 'கரோஷன்', மண் கரைவதைக் குறிக்கும் 'எரோஷன்' ஆகிய மூன்றும் அந்த ஒரே வேரில் பிறந்தவை. இதைப் படித்ததும் நம் 'அரி' என்ற வினை நினைவுக்கு வந்தது. கரையான் மரத்தை அரிக்கிறது, அமிலம் செம்பை அரிக்கிறது, கடல் கரையை அரிக்கிறது, கவலை மனதை அரிக்கிறது. எலியை மட்டும் நாம் இந்தக் கூட்டத்தில் சேர்க்காமல், அது கொறிக்கும் என்று தனியே வைத்தோம். அரிப்பது வேறு, கொறிப்பது வேறு என்று பல்லின் வேலையைக்கூடப் பிரித்துப் பார்த்த மொழி இது. கரையானுக்கு ஆங்கிலத்தில் 'வெள்ளை எறும்பு' என்றும் ஒரு வழக்கு உண்டு. அது எறும்பே அல்ல, கரப்பான் பூச்சிக்கே நெருங்கிய உறவு. நாம் அதற்குக் கரையான் என்றும் செல் என்றும் தனிப்பெயர் வைத்து, எறும்போடு குழப்பாமல் விட்டோம்.

'-சைட்' என்று முடியும் சொற்களும் அதே நூலில் உண்டு. வெட்டுவதையும் கொல்வதையும் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த விகுதி அது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று நமக்கு எளிதாகவே அமைந்துவிட்டது. அந்த விகுதியோடு இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து சட்ட அறிஞர் ராபேல் லெம்கின் உருவாக்கி 1944இல் அச்சில் தந்த 'ஜெனோசைட்' என்ற சொல்லை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. கிரெகுவாரைப் போலவே லெம்கினும் ஒரு கொடுமையைத் தடுக்கவே சொல் படைத்தார். ஆனால் அந்தச் சொல்லில் இனத்தின் பெயர் குற்றவாளியின் இடத்தில் இல்லை, பலியானவர்களின் இடத்தில் இருக்கிறது. நான்கே ஆண்டுகளில், 1948இல், ஐ.நா. அதை உடன்படிக்கையாகவே ஏற்றது. நம்மிடம் 'இனப்படுகொலை' என்று அது வழங்குகிறது.

ஆகவே 'வேண்டல்' வரும் இடங்களில் 'விஷமிகள்' என்று எழுதுவதென முடிவு செய்துவிட்டேன். 'கோயில் மதிலை விஷமிகள் சேதப்படுத்தினர்' என்று நாளிதழில் நாம் படித்துப் பழகிய சொல்தான். எந்த இனத்தையும் அது சுட்டவில்லை. பதிப்பாளர் மூலச்சொல்லை அப்படியே வைக்கச் சொல்கிறார். நான் இடம் கொடுப்பதாக இல்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

நோட்டுகளில் எழுத்துத் தெரிகிற துண்டு எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடாதே. ஈரம் போக நிழலில் உலர்த்தி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பு. உன் அப்பாவின் கையெழுத்து எனக்குப் பழக்கமானது. படிக்க முடிகிறவரை படித்துப் பெயர்த்தெழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்