இரண்டு வெண்டர், ஒரே தொட்டி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு என்ஜினீயரிங் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு வழக்கம்போல பீன்யா தொழிற்பேட்டையும் பர்ச்சேஸ் வேலையும்தான். "சப்ளையர் பேரை எக்செல்லில் எழுத ஒரு சம்பளமா?" என்று கிண்டலடித்திருக்கிறாயே, கேள்.

2025 ஏப்ரலில் சீனா, மோட்டார்களில் வைக்கும் அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. நமக்குப் பில் போடுகிறவர்களைத் தெரியும்; அவர்களுக்குப் பில் போடுகிறவர்கள் யார்? லேசில் சொல்ல மாட்டார்கள். அவர்களைத் தாண்டி நேராகப் போய்விடுவோம் என்ற பயம். நியாயமான பயம்தான், எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்களே!

கன்ட்ரோலருக்கான செம்பு பஸ்பாரை, அதாவது மின்சாரம் கடத்தும் பட்டையை, இரண்டு பேரிடம் வாங்குகிறோம். ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் இருக்கிறார் என்ற தைரியம். இருவரும் வெளியே வேலைக்கு அனுப்பும்போது போடும் ஜாப் வொர்க் சலானை வாங்கிப் புரட்டினால், டின் பிளேட்டிங்குக்கு (வெள்ளீயப் பூச்சு) இரண்டிலும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப். போய்ப் பார்த்தேன். தகர ஷெட், ஒரே தொட்டி, ஒரே ரெக்டிஃபையர். கழிவுநீர்ப் பிரச்சினையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பூட்டுப் போட்டால் இரண்டு வெண்டரும் சேர்ந்தே முடங்கிப்போவார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2011 ஜப்பான் பூகம்பத்தில் ஒனஹாமாவில் ஜெர்மன் ரசாயனக் கம்பெனி மெர்க்கின் ஆலை நின்றது. காருக்குப் பளபளப்புத் தரும் ஒரு நிறமி அப்போது உலகத்திலேயே அங்கேதான் தயாரானது. ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு வண்டிகளுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தியது. டொயோட்டா அந்த அடியில்தான் கீழ்நிலை சப்ளையர்கள் வரை கணக்கெடுத்தது. சிப்புகளைச் சில மாதத்துக்குக் கையிருப்பு வைக்கச் சொன்னது. 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்களைவிடக் கொஞ்ச காலம் கூடத் தாக்குப்பிடித்தது.

ஆகவே, எதற்கு அதிகப் பணம் கொடுக்கிறோம் என்று இப்போது பார்ப்பதில்லை. ஒரு சரக்கு நின்றால் லைன் எத்தனை நாள் ஓடும், மாற்று ஆள் தயாராக எத்தனை நாள் ஆகும், இந்த இரண்டு எண்தான். இரண்டாவது பெரிதாக இருந்தால் சிவப்பு மை. ஆடிட்டருக்குக் காட்ட அழகான சப்ளையர் மேப் போட்டுத் தரும் சாஃப்ட்வேர்காரர்களும் வருகிறார்கள். பிளேட்டிங் ஷெட் அதில் வராது.

உன் பம்ப்செட்டுக்கு மெக்கானிக்கல் சீல் இரண்டு இடத்தில் வாங்குவதாகச் சொன்னாயே, இருவருக்கும் கார்பன் யார் கொடுக்கிறார் என்று விசாரி. பெயர் சொல்லத் தயங்கினால் ஊரை மட்டும் கேள், அதுவே பாதி வேலை. பொங்கலுக்கு வரும்போது உன் சலான் ஃபைலையும் ஒரு கை பார்க்கிறேன்.

அன்புடன்,
ரவி