எண்ணிக்கொண்டே இருந்தவர்களுக்கு நன்றி

டர்பன், தென்னாப்பிரிக்கா

தீவிர சிகிச்சைப் பிரிவின் சிஸ்டர்களுக்கும் டாக்டர்களுக்கும் துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கும் வணக்கம்.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எங்கள் அம்மா பதினொரு நாள் உங்களிடம் இருந்தார். கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் வரை ஒரு குழாய். மருந்தும் அதில், உணவும் அதில். அதே வழியில் கிருமியும் இரத்தத்தில் இறங்கிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருநீற்றை, குழாய்க்குப் பக்கத்திலேயே பூசப் போனேன். இரவுப் பணி சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சாமி திருநீற்றைத் தடுக்க இவர் யார் என்று எனக்குக் கோபம் பொங்கியது. இரண்டு வார்த்தை கூடவே பேசிவிட்டேன். அவர் பதிலுக்குப் பேசவில்லை. பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அம்மா கண் விழித்தால் தெரியும்படி வைத்தார். சிஸ்டர், மன்னித்துவிடுங்கள்.

அன்றிரவு உங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் குழாயின் வாயைச் ஆல்கஹால் நனைத்த துணியால் பதினைந்து எண்ணும்வரை தேய்ப்பீர்கள், உலரும்வரை காத்திருப்பீர்கள். நீங்கள் மெல்லிய குரலில் ஜூலு மொழியில் எண்ண, நான் தமிழில் எண்ணினேன்.

குழாய் போட்ட அன்று, மேலங்கி அணியாமல் தொடங்கப் போன தன்னை ஒரு சிஸ்டர் நிறுத்தியதாக இளம் டாக்டர் ஒருவர் தானே சொல்லிச் சிரித்தார். அவருக்கும் நன்றி, எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயமா அது? இந்தக் குழாய்த் தொற்றைக் குறைக்க அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த முயற்சியைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். கை கழுவுவது, உடலை முழுக்க மூடிக்கொள்வது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, தொடை இடுக்கில் குழாய் போடுவதைத் தவிர்ப்பது, தேவை தீர்ந்ததும் குழாயை எடுப்பது: இவ்வளவுதான். ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்; ஆயிரம் குழாய் நாளுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் நடுமதிப்பு மூன்றே மாதத்தில் பூச்சியமானது என்று 2006இல் வெளியிட்டார்களாம்.

தினமும் காலையில் அம்மா கட்டிலருகே நின்று, "இது இன்றைக்கும் வேண்டுமா?" என்று கேட்பீர்கள். பதினோராம் நாள் "வேண்டாம்" என்ற பதில் வந்தது. அம்மாவைக் 'கோகோ', அதாவது பாட்டி, என்றே அழைத்து, கட்டில்தோறும் கையில் தேய்க்கும் கிருமிநாசினிப் புட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்ட துப்புரவு அம்மா அன்று கைதட்டினார்.

அம்மா இப்போது சாட்ஸ்வொர்த் வீட்டில் இருக்கிறார். உங்கள் முகம் எதுவும் நினைவில்லை என்கிறார். தலைமாட்டில் யாரோ எண்ணிக்கொண்டே இருந்தார்களாம், அது மட்டும் நினைவிருக்கிறதாம்.

இப்படிக்கு,
மூத்த மகன்