காணாமல் போன கணவாய்

அன்புள்ள கௌரி,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. மூன்றாவதாக வந்த ஒற்றை வரியும் ("உயிரோடு இருக்கிறாயா?") கிடைத்தது. இருக்கிறேன். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. ரகு இன்னும் அதே ரகுதான். சரி, இனி என் புலம்பல்.

ஒரு கணவாயைத் தொலைத்துவிட்டேன். சிரிக்காதே. வானிலையைக் கணிக்கும் கணினி மாடலுக்குள் மலைகளை ஏற்றுமுன் கூர்மையை மழுக்கும் வடிகட்டியை ஒரு தடவை ஓட்டுவோம் இல்லையா, அதை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன். இரண்டு சிகரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி தூர்ந்து ஒரே மேடாகிவிட்டது. அதன் வழியே சீறி வரவேண்டிய காற்று மலையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. மூன்று வாரக் கணக்கு வீண். கண்டுபிடித்தது நானில்லை, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத ஒரு பையன். "மேடம், இங்கே பள்ளம் இருக்கணுமே?" என்றான். அவன் முகத்தில் இருந்த மரியாதைதான் தாங்கவில்லை.

எதற்கு மழுக்க வேண்டும் என்பாய். மலையின் உயரம் தெரியாமல் இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரே நாளில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்துவிட்டது. 30 மீட்டர் நுணுக்கத்தில் கையில் இருக்கிறது. மாடலுக்குத்தான் அது செரிக்காது. நிலத்தை ஒட்டி வளைந்து போகும் மாடலின் காற்று அடுக்குகளில், செங்குத்துச் சரிவின் மேல் அழுத்த வேறுபாட்டைக் கணக்கிட்டால், இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு பொடி எண்ணை எடுக்கிற கதைதான். பிழையே காற்றாக வீசத் தொடங்கிவிடும்.

மாடல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம்தான் வைக்கும். கட்டத்தைச் சின்னதாக்கு என்று சொல்வது சுலபம். பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நாலு மடங்கு, கணக்கு ஒரு தாவலில் முன்னேறும் நேரமும் பாதி, ஆக வேலை எட்டு மடங்கு. அதனால்தான் உலகக் காலநிலை மாடல்கள் பல இன்னமும் 100 கிலோமீட்டரை ஒட்டியே நிற்கின்றன. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாடல் 2016-லேயே 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. ஆனால் 9 என்றால் 9 இல்லை. ஒரு மலையை மாடல் உருப்படியாக உணர ஆறேழு கட்டமாவது வேண்டும். 100 கிலோமீட்டர்க் கட்டத்தில் எவரெஸ்டின் 8,849 மீட்டரைத் தேடிப்பார். சராசரியில் கரைந்து போயிருக்கும். சராசரி ஆழம் முழங்கால்தான் என்று நம்பி ஆற்றில் இறங்கி மூழ்கியவன் கதைதான்! அந்தக் கதை சொன்ன நம் வாத்தியார் இருந்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பார்.

இந்த வம்பு புதிதில்லை. 1980-களில் சராசரி மலை போதாதென்று, கட்டத்துக்குள் இருக்கும் மேடுபள்ளத்தின் அளவைக் கூட்டி மலைகளையே உயர்த்திப் பார்த்தார்கள். காற்றோட்டம் தேறியது. ஆனால் பள்ளத்தாக்கில் இருந்த வானிலை நிலையங்கள் மாடலின் தரைக்கு அடியில் புதைந்துபோயின!

போன வருடம் மலையேறப் போய் நடுங்கிவிட்டு என்னைத் திட்டினாயே, அது சில்லறைப் பிழை. கட்டத்தின் தரை நீ நின்ற இடத்தைவிட 1,000 மீட்டர் தாழ்வாக இருந்திருக்கும். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி கழித்திருந்தால் நீ ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக எடுத்துப்போயிருப்பாய். மழையை அப்படிக் கழித்துக் கூட்டிச் சரிசெய்ய முடியாதடி. முகடு மழுங்கினால் காற்று போதிய உயரம் ஏறுவதில்லை. காற்று மோதும் பக்கம் பெய்யவேண்டியது குறைந்து, மறைவுப் பக்கம் சிந்துகிறது. வரைபடத்தில் பதினைந்து கிலோமீட்டர்தான். மலையில் அது வேறொரு ஆறு. "நீ சொன்ன மழை பக்கத்து ஆற்றில் பெய்தது" என்று உன் இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த வரியால்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. நீ அதைக் கேலியாக எழுதவில்லை என்று தெரியும். வெள்ளம் வருமுன் கரையோரத்தில் யாரை எழுப்புவது, யாரைத் தூங்கவிடுவது என்று முடிவெடுக்கிற ஆள் நீ.

பெரிய அளவிலும் இதே கூத்துதான். 2013-இல் பூஸ் என்ற காலநிலை ஆய்வாளரும் அவர் கூட்டாளியும் காட்டியதைப் படித்தாயா? திபெத்துக்கு மேற்கே இந்துகுஷ் பக்கம் மலைகளை மழுக்கிவிடுவதால், மேற்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே நுழைந்து மாடல்களில் பருவமழையையே நலிய வைக்கிறதாம். ஒரு வேலியில் நாலு கம்பு குட்டையானால் தோட்டமே போச்சு. நான் தொலைத்த கணவாய்க்கு நேர் எதிர்க் கதை: அங்கே கதவு திறந்துகொண்டது, இங்கே அடைபட்டது.

இப்போது வடிகட்டியை ஒழுங்காக ஒரே தடவை ஓட்டி, கணவாயை மட்டும் கையால் வெட்டித் திறந்திருக்கிறேன். கையால் வெட்டுவது ஏமாற்று வேலை என்று அந்தப் பையன் நினைக்கிறான். அப்படி இல்லை என்று அவனிடம் சாதிக்க எனக்கும் தைரியமில்லை. வியாழக்கிழமை மறுபடி ஓட்டுகிறேன். அதற்குள் உன் மழைமானிப் பதிவுகளை அனுப்பு. முகட்டின் இரண்டு பக்கமும் வேண்டும், மழை பக்கத்து ஆற்றில் பெய்த அந்த ராத்திரி முழுக்க, மணிவாரியாக. மறைவுப் பக்கம் நீ வைத்திருக்கும் இரண்டே மானிகளில் ஒன்று அடைத்துக்கொண்டது என்றாயே, அதன் பதிவையும் சேர்த்தே அனுப்பு.

வாசுகி